மூன்றாம் தொட்டியில் ஐந்தாவது மீன்

பதினொரு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அமுலு மீன் அறைக்குள் வந்து, வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போடும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல முதலில் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். இருபத்துமூன்று. சுவரோரம் வரிசையாக ஆறு கண்ணாடித் தொட்டிகள். ஓரத்தில் எண் போடாத ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட்ட மற்ற ஐந்திலும் தோல் ஆலைகளுக்கென்று ஒரு கம்பெனி புதிதாகச் செய்திருக்கும் பூஞ்சை மருந்து, தொட்டிக்குத் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்தது. தொட்டிக்குப் பத்து மீன். விரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் நீலக்கோடு ஓடும் மீன்கள். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விட்டது, இன்றைக்கு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைசிக் கணக்கு, எத்தனை செத்தது எத்தனை பிழைத்தது என்று எழுதினால் முடிந்தது. எழுதுவது அவள் வேலை. தொட்டி கழுவ வந்தவள்தான், பன்னிரண்டாவது படித்திருக்கிறாள் என்று தெரிந்ததும் சோதனைக்கூடத்துப் பொறுப்பாளர் வித்யாதரன் சார் கூட வைத்துச் சொல்லிக்கொடுத்து, பேப்பரில் அவள் பெயரையும் ஏற்றிவிட்டார். மூன்று வருடமாக இந்த அறையில் எது செத்தது என்று அவள் சொன்னால் அது செத்தது.  ஐந்தாம் தொட்டி செவ்வாய்க்கிழமையே காலி. நான்காம் தொட்டியில் ஒன்று மிச்சம், அது மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வெறும் தண்ணீரிலும் முதல் தொட்டியிலும் பத்தும் உயிரோடு, இரண்டாவதில் ஒன்பது. மூன்றாம் தொட்டியில் நேற்றுவரை நான்கு போயிருந்தது. நேற்றைக்கு அதை எழுதும்போது சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, நாலுதானே, நாலோடு நின்றால் நல்லது என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கலந்த தொட்டி அது. அதில் பாதி செத்தால் மருந்து கடும் நஞ்சு என்ற இனத்தில் சேர்ந்துவிடும், டிரம்மின் மேல் சிவப்புக் கட்டத்துக்குள் செத்த மீன் படம் போட வேண்டும். பாதி என்றால் ஐந்து. இப்போது மூன்றாம் தொட்டியின் அடியில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

குனிந்தாள். வெளியிலிருந்து பார்க்க வெறும் மினுக்கல்தான் தெரிந்தது. முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கு படுமளவுக்குக் கிட்டத்தில் போனாள். அதன் கண் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மீன் கண்ணுக்கு இமை கிடையாது, செத்தாலும் இருந்தாலும் ஒரே பார்வை, கண்ணை நம்பாதே என்பது அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். செவுளைப் பார். செவுள் மூடி விரிந்து சுருங்குகிறதா என்று பார். அதுவும் இல்லையென்றால் கண்ணாடிக் குச்சியால் வாலுக்குச் சற்று முன்னால், உடம்பு குறுகுகிற இடத்தில் தொடு. தொட்டும் அசையவில்லையென்றால் எழுது. விதி இரண்டு வரிதான், அதற்குள் அடங்காத மீன் வருடத்துக்கு ஒன்றிரண்டு வந்துவிடுகிறது. செவுளின் ஓரம் ஒரு நூலிழை அளவு எழும்பி அடங்கியது. எழும்பியதா? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி எழும்பியது. இல்லை, அது விளக்கின் அலையாக இருக்கலாம், தொட்டிக்குள் காற்றுக் குழாய் குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. குச்சியை எடுத்தாள். உள்ளே விட்டாள். தொட்டாள். வால் மெல்ல ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. பதில் சொன்னதா, அல்லது குச்சி தள்ளிய தண்ணீர் அதையும் தள்ளியதா. இங்கே எல்லோருக்கும் தெரியும், அமுலு ஒரு மீனை மூன்று தடவை தொடுவாள். அடுத்த அறைப் பெண்கள் சிரிப்பார்கள், அமுலக்கா கையில் மாட்டினால் செத்த மீனும் சீக்கிரம் சாக முடியாது என்று. அவளும் கூடச் சிரிப்பாள். ஏன் மூன்று தடவை என்று யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

இடது காலின் இரண்டாவது விரல். நகம் கறுத்துப் போயிருக்கும், முன்பு எப்போதோ ஆலையில் தோல் கட்டு விழுந்த காயம். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் சாயங்காலம், போர்வைக்கு வெளியே அந்தக் கால் நீட்டிக்கொண்டிருந்தது, அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள், உள்ளே ஒருவர்தான் நிற்கலாம், பத்து நிமிடம்தான் நிற்கலாம். புருஷன் சேட்டுவின் வாயில் குழாய். மிஷின் காற்றை ஊத ஊத நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அத்தனை ஒழுங்காக அவன் உயிரோடிருந்த காலத்தில்கூட மூச்சு விட்டதில்லை, குறட்டையும் இருமலுமாகத்தான் தூங்குவான். தோல் ஆலையின் கழிவுத் தொட்டியில் முதலில் இறங்கியவன் மயங்கி விழ, அவனைத் தூக்கப் போகிறேன் என்று இவன் இறங்கியிருக்கிறான். முதலில் இறங்கியவன் அங்கேயே போய்விட்டான், இவனை மூச்சு இருக்கிறது என்று தூக்கி வந்தார்கள். ஏன் இறங்கினாய், உன்னை யார் இறங்கச் சொன்னது, என்று அவள் ஐந்து நாளும் அந்தக் காலைப் பார்த்துத்தான் கேட்டாள், முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் அந்த இரண்டாவது விரல் அசைந்தது. மடங்கி நிமிர்ந்தது. அவள் நர்ஸைப் பார்த்தாள், நர்ஸ் திரும்பி நின்று பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள். விரலையே பார்த்தாள். இன்னொரு தடவை அசையட்டும், அசைந்தால் கூப்பிடலாம். அசையவில்லை. நேரமாயிற்று என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கிக் குடித்தாள். அந்த டீயைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. சூடாக, இனிப்பாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குடிக்கும்போது நினைத்தாள், டாக்டர் முதல் நாளே சொன்னார், பிழைத்தாலும் கட்டைபோலத்தான் கிடப்பார், புரட்டிப் போடவும் கழுவி விடவும் ஆள் வேண்டும், எத்தனை வருடமோ தெரியாது என்று. மகள் கீதா அப்போது பத்தாவது. நினைத்தாள், யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை டாக்டர் வந்து சேட்டுவின் நகத்தைப் பேனாவால் அழுத்திப் பார்த்தார், நெஞ்செலும்பில் முட்டியால் தேய்த்துப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். ஏதும் இல்லைம்மா, என்றார். இன்னொரு டாக்டரும் வந்து பார்த்தார். என்னென்னவோ செய்தார்கள், அவளை வெளியே நிறுத்திவிட்டுத்தான் செய்தார்கள். சேட்டுவின் அண்ணன் மணவாளன் அவள் தோளைத் தொட்டு, இனிமேல் அவனைக் கஷ்டப்படுத்த வேணாம்மா, மிஷினை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுடு, என்றான். பேனா எழுதவில்லை, உதறி உதறிப் போட்டாள். நேற்று விரல் அசைந்தது என்று ஒரு வார்த்தை. யாராவது ஒருவர், அவசரமில்லை, நன்றாக யோசித்துச் சொல் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ. சொல்லியிருப்பாள் என்றுதான் பல நாள் நினைத்துக்கொண்டாள். மற்ற நாட்களில் அப்படி நினைக்க முடிவதில்லை.

கதவு திறந்தது. வித்யாதரன் சார் செருப்பு மாற்றும் சத்தம் கேட்டது. அவர் இங்கே பதினோரு வருடமாக இருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவரே வந்து தொட்டி கழுவினாராம். இந்தக் கம்பெனி இந்த ஆண்டில் நான்கு சோதனை கொடுத்திருக்கிறது, இன்னும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறது, முடிவு எப்படி வரும் என்று காலையில் இரண்டு தடவை போனில் கேட்டிருக்கிறார்கள், இதெல்லாம் அவளுக்குத் தெரியும், அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். வந்தவர் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். இரண்டு பேரும் கண்ணாடிக்குள் பார்த்தார்கள். அவர் மூச்சு கண்ணாடியில் படிந்து மறைந்தது.

"அசையுதும்மா," என்றார் கடைசியில். "செவுள் ஓரம் பாரு. லேசா."

"தண்ணியோட அசைவா இருக்கும் சார்."

"இருக்கலாம். நல்லா பாரு. அவசரமே இல்ல, பதினோரு மணிக்கு என்னவோ அதுதான். பதினொன்னு அஞ்சுக்கு அது செத்தாலும் நமக்குக் கணக்கில்ல."

அவசரமே இல்லை என்கிறார்.  அந்த ஒரு வார்த்தையை நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருவரும் சொல்லவில்லை, இன்றைக்கு ஒரு மீனுக்காக ஒருவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து சொல்கிறார். ஒரு கணம் அவருக்கு நன்றி சொல்லலாம்போல இருந்தது. ஆமாம் சார் அசையுது, என்று சொன்னால் போதும். அவருக்கும் நிம்மதி, கம்பெனிக்கும் நிம்மதி, அவளுக்கு அதைவிட நிம்மதி. பொய்கூட இல்லை அது, இரண்டு பேர் கண்ணுக்கும் ஏதோ அசைந்ததே. உயிர் உண்டா இல்லையா என்று சந்தேகம் வந்தால் உண்டு என்று எழுதிவிடுவதுதானே தர்மம், அப்படி ஒருவர் சேட்டுவுக்கு எழுதியிருந்தால். சாய்ந்து கிடக்கிறது, மூச்சு மந்தம் என்று பக்கத்துக் கட்டத்தில் குறித்துவிட்டு, செத்தது நான்கு என்று எழுதலாம். நான்கு. அவள் உதடு அந்த எண்ணைச் சொல்லிப் பார்த்தது. சார் எழுந்து போய் மேசையருகே நின்றுகொண்டார், அவளைத் தனியே விடுகிறவர்போல. சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

நான்கு என்று எழுதினால் டிரம்மில் அந்தப் படம் வராது. அவ்வளவுதான். ஒரு படம். யார் அதைப் பார்க்கப் போகிறார்கள். மேலே இங்கிலீஷில் என்னென்னவோ போட்டிருக்கும், ஆலையில் தூக்குகிறவன் எவனும் படித்ததில்லை, சேட்டு நாலாவதோடு நின்றவன், தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனால் படம் பார்ப்பான். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்தது. கல்யாணமாகி இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ, கோடை, தெருக்குழாயில் வாரம் ஒரு நாள் தண்ணீர், பிடித்து வைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆலையில் காலி டிரம்களைக் கழித்துப் போடுகிறார்கள் என்று அவன் சைக்கிளில் ஒரு நீல டிரம்மைக் கட்டி எடுத்து வந்தான். அவள் உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று கிடைக்கவில்லையா என்று கேட்டதற்கு அவன் வாசற்படியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இருந்துச்சு அமுலு, நல்லாப் பெருசு. மீனு செத்துக் கெடக்குற மாதிரி படம் போட்டிருந்துச்சு. இன்னாத்துக்கு வம்புன்னு வுட்டுட்டு இத எடுத்தாந்தேன். கொயந்த குடிக்கிற தண்ணி." அவ்வளவுதான் சொன்னான், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கழிவுத் தொட்டியில் இறங்க யோசிக்காதவன், ஒரு படத்தைப் பார்த்து யோசித்திருக்கிறான். அந்தப் பெரிய டிரம்மை வேறு யாராவது எடுத்திருப்பார்களா. அதில் படம் போட வேண்டும் என்று எங்கேயோ ஓர் அறையில் யாரோ ஒருத்தி மீனைத் தொட்டுப் பார்த்து எழுதியிருக்கிறாள். அவளுக்கும் அன்றைக்கு ஐந்தாவது மீன் ஒன்று கிடந்திருக்குமோ. அவள் பக்கத்திலும் ஒருவர் நின்று, நல்லா பாரும்மா என்றாரோ. அமுலுவுக்கு முழங்கால் வலித்தது. மாற்றி உட்கார்ந்தாள்.

காற்றை மூடினால் தெரிந்துவிடும். இது அவளுக்கு முதலிலேயே தெரியும், உட்கார்ந்த நிமிடத்திலேயே தெரியும், தெரிந்துதான் இவ்வளவு நேரம் வேறு வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் பின்னால் காற்றுக் குழாயில் ஒரு சின்னத் திருகு, வலப்பக்கம் அரைச் சுற்றுச் சுற்றினால் குமிழி நிற்கும், ஒரு நிமிடத்தில் தண்ணீர் அடங்கும். அப்புறமும் செவுள் எழும்பினால் அது மீனுடையது. கையை நீட்டினாள். விரல் திருகின்மேல் பட்டது, அங்கேயே நின்றது. திருக வரவில்லை. பித்தளை. சில்லென்று இருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உள்ளே கூப்பிட்டார்கள், கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கோங்கம்மா என்றார்கள், மிஷினை நிறுத்தும்போது உள்ளே நிற்கிறீர்களா என்று கேட்டார்கள், அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றாள், கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், எதிரே சுவரில் கையைக் கழுவுவது எப்படி என்று ஏழு படம் ஒட்டியிருந்தது, ஏழையும் வரிசையாகப் பார்த்தாள். காற்று நின்ற பிறகு அந்த விரல் என்ன செய்தது என்று அவள் பார்க்கவில்லை. மணவாளன் பார்த்தான், அவனிடம் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. கேட்டால் ஒன்றும் அசையவில்லை என்பான், அது நிஜமா இவளுக்காகச் சொல்வதா என்று தெரியாது. அந்த விரலும் காற்றின் ஆட்டம்தானோ, கட்டிலே மிஷினோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்ததே. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இருக்கலாம் என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் வரவில்லை, இல்லை என்று சொல்லிச் சாகவும் முடியவில்லை, கீதா வேலூரில் நர்ஸிங் இரண்டாம் வருடம், ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவளிடம் கேட்கலாமா, அம்மா சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, போகிற சமயத்தில் விரல் தானாக அசையுமா என்று. கேட்க மாட்டாள். கீதா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிடுவாள். கடிகாரத்தில் பத்து ஐம்பத்தேழு. சார் தொண்டையைக் கனைத்தார். இந்தத் தடவை வெளியே போய் நிற்க இடமில்லை என்று அமுலுவுக்குத் தோன்றியது. கண்ணை மீனைவிட்டு எடுக்காமலே திருகைச் சுற்றினாள்.

குமிழி நின்றது. தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அடங்கியது. மற்ற ஐந்து மீன்களும் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. அடியில் கிடந்ததன் செவுள் ஓரம் படிந்து கிடந்தது, அதை அவள் அறுபதுவரை எண்ணிப் பார்த்தாள், மறுபடி அறுபதுவரை எண்ணிப் பார்த்தாள். குச்சியைத் தண்ணீர் கலங்காமல் மெதுவாக இறக்கித் தொட்டாள். காத்திருந்தாள். இரண்டாவது தடவை தொட்டாள். மூன்றாவது தடவை சற்று அழுத்தித் தொட்டபோது உடம்பு முழுசாக, ஒரு இலைபோல, நகர்ந்து போய் அங்கேயே நின்றது. மணி பதினொன்று. திருகைத் திறந்துவிட்டு எழுந்தாள், மேசைக்கு வந்தாள், பேப்பரில் மூன்றாம் தொட்டிக்கு நேரே ஐந்து என்று எழுதினாள். பேனா எழுதியது. கீழே கையெழுத்துப் போட்டுப் பேப்பரை சாரின் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தாள், கோபம் வரவில்லை, களைத்துப் போனவர்போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒத்துக்க மாட்டாங்கம்மா," என்றார். "மறுபடி வைக்கச் சொல்வாங்க. இல்லேன்னா வேற எடத்துக்கு அனுப்பிடுவாங்க. அங்க நாலுன்னு வரலாம்."

"அனுப்பட்டும் சார். இங்க அஞ்சு."

"காத்த மூடிப் பாத்தியா?"

"மூடிப் பாத்தேன் சார்."

அவர் பேனாவை எடுத்தார். அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார், தேதி போட்டார், நேரம் போட்டார். எழுந்து போகும்போது கதவருகே நின்று, மிச்சத்தையும் முடிச்சுடு, அடுத்தது வைக்கணும், என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் என்றால் உயிரோடிருப்பவை. ஒரு தடவை சோதனைக்கு விட்ட மீனை மறுபடி பயன்படுத்தக் கூடாது, வெளியிலும் விடக் கூடாது, மருந்தே படாமல் வெறும் தண்ணீரில் இருந்த பத்துக்கும் அதுதான் கதி. கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் கலந்து அதில் விட்டால் மயங்கி அப்படியே போய்விடும், வலிக்காது என்கிறார்கள். எண்ணினாள். முப்பத்தைந்து. அலமாரியிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். வாளியில் தண்ணீர் பிடித்தாள். அப்புறம், வேலை என்று எதிலும் எழுதியிராத ஒன்றைச் செய்தாள். சோதனை முடியும்வரை மீனுக்குத் தீனி போடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எதற்கும் ஒரு துணுக்குகூடப் போட்டிருக்கவில்லை. தீனி டப்பாவைத் திறந்து, முதலில் வெறும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சிட்டிகை தூவினாள். பத்தும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே பாய்ந்தன. அடுத்ததில் தூவினாள், அதற்கடுத்ததில் தூவினாள். மூன்றாம் தொட்டியில் ஐந்தில் இரண்டுதான் மேலே வந்தன, மற்றவை வந்த தூளை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டன. நான்காவதில் இருந்த ஒன்று வாயைத் திறந்தபடியே நின்றது, அதன் வாய்க்குள் ஏதாவது போயிற்றா என்று தெரியவில்லை. வெளியே நடையில் சார் போனில் மெதுவான குரலில் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அமுலு தொட்டிகளுக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தின்கிறவை தின்று முடிக்கும்வரை புட்டியின் மூடியைத் திறக்கவில்லை.